கரைசலுக்குள் திரும்பும் லேசர் சாய மூலக்கூறுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் லேசர் நிறமாலை ஆய்வுக்கூடமொன்றில் பணியாற்றுகிறேன். தொடக்கக் கல்லூரிகளிலிருந்தும் பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலிருந்தும் பயிற்சிக்கு வரும் தமிழ் மாணவர்களும், பொது வரவேற்பு நாளில் அவர்களுடன் வரும் பெற்றோரும் கேட்கும் ஐயங்கள் ஏறத்தாழ ஒரே வரிசையில்தான் வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே கீழே தொகுத்திருக்கிறேன். முதலில் உள்ளவை எளியவை. பின்னால் உள்ளவற்றுக்கு முன்னால் சொன்னவை தேவைப்படும்.

லேசர் சாயம் என்பது துணிக்குப் போடும் சாயத்திலிருந்து வேறானதா?

வேதியியல் வகையில் இரண்டும் நெருங்கிய உறவு கொண்டவை. ரோடமின் குடும்பத்துச் சாயங்கள் பட்டுக்கும் காகிதத்துக்கும் நிறமேற்றப் பயன்பட்டவையே. வேறுபாடு, உட்கொண்ட ஒளியை அவை என்ன செய்கின்றன என்பதில் இருக்கிறது. பெரும்பாலான துணிச்சாயங்கள் அதை வெப்பமாக மாற்றிவிடும். ரோடமின் 6ஜி எத்தனாலில் 530 நானோமீட்டரை ஒட்டிய பச்சை ஒளியை உட்கொண்டு, உட்கொண்ட 100 ஃபோட்டான்களில் ஏறத்தாழ 95-ஐச் சற்றே நீண்ட அலைநீளத்தில் ஒளிர்வாகத் திருப்பித் தருகிறது. 1966-ஆம் ஆண்டு அமெரிக்காவில் சொரோக்கினும் லங்கார்டும், ஜெர்மனியில் ஷேஃபரின் குழுவினரும் தனித்தனியே சாயக் கரைசலைக் கொண்டு லேசர் உருவாக்கியதிலிருந்து இவ்வகைப் பொருள்களுக்கு லேசர் சாயம் என்ற பெயர் நிலைத்தது.

நாங்கள் இந்தச் சாயத்தைக் கொண்டு லேசர் செய்வதில்லை. வேறொரு லேசரின் ஒளியைச் சாயக் கரைசலில் செலுத்தி, சாய மூலக்கூறு தன்னைச் சூழ்ந்த கரைப்பானுக்குள் எவ்வளவு விரைவாகத் திசை மாறுகிறது என்று பார்க்கிறோம். வளையாத உடலமைப்பும், வலுவான ஒளிர்வும், ஒளியை உட்கொண்டபின் நான்கு நானோவினாடி (ஒரு வினாடியின் நூறு கோடியில் நான்கு பங்கு) அளவுக்கு நீடிக்கும் கிளர்வுநிலையும் ஒருங்கே அமைந்திருப்பதால் ரோடமின் போன்றவை இதற்கு மிகவும் ஏற்றவை.

மூலக்கூறை லேசர்தான் சுழற்றுகிறதா?

இல்லை. லேசர் ஒரு சில மூலக்கூறுகளுக்கு அடையாளமிடுகிறது, அவ்வளவுதான். திருப்புவது வெப்பம். கரைப்பான் மூலக்கூறுகள் எல்லாப் பக்கங்களிலிருந்தும் ஓயாமல் மோதுவதால், சாய மூலக்கூறு ஒரு கணம் இப்படியும் மறுகணம் அப்படியுமாகத் தள்ளாடுகிறது. ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும் இயக்கம் திரவத்துக்குள் கிடையாது.

அந்தத் தள்ளாட்டம் எவ்வளவு நுணுக்கமானது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ரோடமின் 6ஜி-யின் நிறையையும் உருவத்தையும் வைத்துப் பார்த்தால், தன் சுழல் வேகத்தை அது ஏறத்தாழ 30 ஃபெம்டோவினாடிக்குள் மறந்துவிடுகிறது. அதற்குள் அது திரும்பியிருப்பது ஒரு டிகிரியின் மூன்றில் ஒரு பங்குதான். இப்படி ஆயிரக்கணக்கான குட்டித் திருப்பங்கள் சேர்ந்தபிறகே மூலக்கூறு தன் பழைய திசையை விட்டு நன்றாக விலகுகிறது. சுழற்சி விரவல் என்று நாங்கள் குறிப்பிடுவது இதைத்தான். ஒரு வினாடியை இலட்சம் கோடிக் கூறுகளாக்கினால் ஒரு கூறு பிக்கோவினாடி. அதன் ஆயிரத்தில் ஒரு பங்கு ஃபெம்டோவினாடி.

மூலக்கூறு கண்ணுக்கே தெரியாது. அது திரும்பியது உங்களுக்கு எப்படித் தெரிகிறது?

ஒவ்வொரு சாய மூலக்கூறுக்கும் ஒளியை உட்கொள்ளும் அச்சு ஒன்று உண்டு. ரோடமின் 6ஜி-யில், ஒட்டிக்கொண்டிருக்கும் மூன்று வளையங்களின் நீளவாக்கில் அந்த அச்சு அமைந்திருக்கிறது. செங்குத்தாக மட்டும் அதிரும், அதாவது தளவிளைவுற்ற, ஒளித்துடிப்பு கரைசலில் பாயும்போது, அச்சு செங்குத்துக்கு அருகே இருக்கும் மூலக்கூறுகள் அதை எளிதாக உட்கொள்கின்றன. கிடைமட்டமாகக் கிடப்பவை அநேகமாக உட்கொள்வதில்லை. கரைசலிலுள்ள மூலக்கூறுகள் அனைத்தும் தாறுமாறான திசைகளில் கிடந்தாலும், துடிப்பு கடந்த அந்தக் கணத்தில் கிளர்வுற்று நிற்பவை மட்டும் தாறுமாறாக இல்லை.

அவை ஒளிரும்போது ஒளியும் அதே அச்சின் வழியே தளவிளைவுற்று வெளிவருகிறது. உணர்கருவிக்கு முன்னால் ஒரு தளவிளைவு வடிகட்டியை வைத்து, லேசரின் அதிர்வுக்கு இணையான ஒளிர்வையும் குறுக்கான ஒளிர்வையும் தனித்தனியே அளக்கிறோம். தொடக்கத்தில் இணை ஒளிர்வு குறுக்கு ஒளிர்வைப்போல் மும்மடங்கு வரை இருக்கும். மூலக்கூறுகள் திரும்பத் திரும்ப அந்த வேறுபாடு கரைந்து, இறுதியில் இரண்டும் சமமாகிவிடும். இணையிலிருந்து குறுக்கைக் கழித்து, அதை இணையும் இருமடங்கு குறுக்கும் சேர்ந்த தொகையால் வகுத்தால் கிடைக்கும் எண்ணை ஆய்வுக்கூடங்களில் அனைசோட்ரபி என்பார்கள். இந்தப் பக்கத்தில் அதைத் திசைச்சாய்வு என்று குறிப்பிடுகிறேன்.

வகுக்கும் தொகையில் குறுக்கு இருமுறை வருவதற்குக் காரணம், ஒரு திசைக்குக் குறுக்காக வெளியில் இரண்டு திசைகள் இருப்பதுதான். அந்தத் தொகை முழு ஒளிர்வைக் குறிப்பதால், கிளர்வுநிலை அணைந்துபோவதால் ஒளிர்வு மங்குவது வகுத்தலில் நீங்கிவிடுகிறது. எஞ்சுவது திரும்பலின் தடம் மட்டுமே. எந்தத் தனி மூலக்கூறையும் நாங்கள் பின்தொடர்வதில்லை. கோடிக்கணக்கானவற்றின் சராசரியைத்தான் பார்க்கிறோம்.

தொடக்கத்தில் எல்லாம் ஒரே திசையில் இருந்தால் திசைச்சாய்வு 1 ஆக இருக்க வேண்டாமா? ஏன் 0.4?

எல்லாம் ஒரே திசையில் இருப்பதில்லை என்பதே விடை. லேசர் செய்யும் தேர்வு தளர்வானது. அச்சு 45 டிகிரி சாய்ந்திருக்கும் மூலக்கூறும், நேராக நிற்பதன் பாதி வாய்ப்போடு ஒளியை உட்கொள்ளவே செய்யும். உட்கொள்ளும் வாய்ப்பும் வெளியிடும் வாய்ப்பும் கோணத்தின் கோசைன் வர்க்கத்தைப் பொறுத்தவை. அவற்றைக் கோளம் முழுவதும் சராசரியாக்கினால் ஐந்தில் இரண்டு, அதாவது 0.4 கிடைக்கிறது.

உட்கொள்ளும் அச்சும் வெளியிடும் அச்சும் ஒன்றாக இருந்தால்தான் இந்த 0.4. அவற்றுக்கிடையே கோணம் கூடக்கூட எண் குறையும், 54.7 டிகிரியில் சுழியாகும். செங்கோணத்தில் கழித்தல் 0.2 ஆகும். எனவே ஒரே சாயத்தைப் பச்சை ஒளியால் கிளர்த்தினால் ஒரு தொடக்க மதிப்பும், குறுக்கு அச்சுடைய மேல்நிலைக்குப் புற ஊதாவால் கிளர்த்தினால் வேறொரு மதிப்பும் வரும். இந்த எண்ணை எந்த அலைநீளத்தில் எடுத்தீர்கள் என்று குறிப்பேட்டில் எழுதாமல் விடுவது பயிற்சி மாணவர்களிடம் நான் அடிக்கடி காணும் குறை.

ஒரு முழுச் சுற்றுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

முழுச் சுற்று என்று ஒன்றை நாங்கள் அளப்பதில்லை. சுழற்சி நேரம் என்பது திசைச்சாய்வு தன் தொடக்க மதிப்பில் ஏறத்தாழ 37 விழுக்காடாகக் குறைய எடுக்கும் நேரம். அதற்குள் சராசரி மூலக்கூறின் அச்சு ஏறத்தாழ 45 டிகிரி விலகியிருக்கும்.

மதிப்பீட்டுக்கு ஸ்டோக்ஸ், ஐன்ஸ்டைன், டிபை ஆகிய மூவரின் பெயரால் வழங்கும் சமன்பாடு உதவுகிறது. கரைப்பானின் பாகுநிலையை, அதாவது ஓட்டத்தை அது எதிர்க்கும் அளவை, மூலக்கூறின் கன அளவால் பெருக்கி, போல்ட்ஸ்மன் மாறிலியும் தனிவெப்பநிலையும் சேர்ந்த பெருக்கத்தால் வகுக்க வேண்டும். ரோடமின் 6ஜி-யின் கன அளவை ஏறத்தாழ 400 கன ஆங்ஸ்ட்ராம் என்றும், 25 டிகிரி செல்சியஸில் நீரின் பாகுநிலையை 0.89 மில்லிபாஸ்கல்-வினாடி என்றும் கொண்டால், 87 பிக்கோவினாடி கிடைக்கிறது. இது மூலக்கூறை உருண்டையாகக் கொண்ட கணக்கு. உண்மையில் அது நீள்வடிவம் என்பதால் எண் இன்னும் உயரும். நீரிலும் எத்தனாலிலும் ரோடமினுக்கு நூறு முதல் முந்நூறு பிக்கோவினாடி வரையிலான எண்களை எதிர்பார்க்கலாம். எத்திலீன் கிளைக்காலில் அது நானோவினாடிக்கு மேல் போய்விடும்.

இவ்வளவு குறுகிய நேரத்தை எந்தக் கடிகாரத்தால் அளக்க முடியும்?

மூன்று வழிகள் வழக்கில் உள்ளன. முதலாவது, ஒற்றை ஃபோட்டான்களை நேரக்குறிப்போடு எண்ணுவது. நிமிடந்தோறும் கோடிக்கணக்கான துடிப்புகளைச் செலுத்தி, ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் முதல் ஃபோட்டான் எப்போது வந்தது என்பதை மின்னணுக் கருவி பதிவுசெய்கிறது. நூறு துடிப்புகளுக்கு ஓரிரு ஃபோட்டானுக்கு மேல் வராதபடி ஒளியைக் குறைத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முந்தி வருபவையே எண்ணப்பட்டு வளைவு கோணிவிடும். நல்ல உணர்கருவி இருந்தால் இந்த முறையின் துடிப்பகலம், அதாவது ஒரு கணத் துடிப்பைக் கருவி பரப்பிக் காட்டும் நேரம், 30 பிக்கோவினாடி அளவுக்கு வரும். இரண்டாவது, வந்துசேரும் நேரத்தைத் திரையில் இடமாக மாற்றிக் காட்டும் ஸ்ட்ரீக் கேமரா. இது சில பிக்கோவினாடி வரை பிரித்துக் காட்டும்.

மூன்றாவது வழியில் மின்னணுக் கடிகாரமே இல்லை. ஒளி கடக்கும் தொலைவுதான் கடிகாரம். ஒரு பிக்கோவினாடியில் ஒளி 0.3 மில்லிமீட்டர் செல்கிறது. லேசர் துடிப்பை இரண்டாகப் பிரித்து, ஒன்றைச் சாயத்தைக் கிளர்த்தவும் மற்றொன்றை வாயிற்கதவாகவும் பயன்படுத்துகிறோம். சாயத்தின் ஒளிர்வும் வாயில்துடிப்பும் ஒரு படிகத்தில் ஒரே கணத்தில் சந்தித்தால் மட்டும் இரண்டின் ஆற்றலும் சேர்ந்த புதிய ஒளி பிறக்கும்: 550 நானோமீட்டர் ஒளிர்வும் 800 நானோமீட்டர் துடிப்பும் சேர்ந்தால் ஏறத்தாழ 326 நானோமீட்டர் புற ஊதா. நகரும் மேடை ஒன்றில் கண்ணாடிகளை வைத்து, வாயில்துடிப்பின் பாதையை நீட்டிக்கொண்டே போகிறோம். மேடை 15 மைக்ரோமீட்டர் நகர்ந்தால், போக்கும் வரவும் சேர்ந்து, வாயில் 100 ஃபெம்டோவினாடி தாமதமாகத் திறக்கும். 1975-இல் மாஹரும் ஹர்ஷும் கையாண்ட இந்த அதிர்வெண் ஏற்ற முறை, பின்னாளில் டைட்டானியம் கலந்த சஃபையர் லேசர் பரவியதும் பல ஆய்வுக்கூடங்களுக்கு எட்டியது.

சுழற்சிக்கே 100 பிக்கோவினாடி ஆகிறது என்றால், ஃபெம்டோவினாடி லேசருக்கு ஏன் இத்தனை செலவு?

நியாயமான கேள்வி. எத்தனாலில் ரோடமினின் சுழற்சி நேரத்தை மட்டும் அறிய வேண்டுமென்றால், மேலே சொன்ன ஃபோட்டான் எண்ணும் முறை போதும். அதிர்வெண் ஏற்றக் கருவியைச் சீராக்கும் உழைப்பு வீண். அந்தக் கருவி தேவைப்படுவது மூன்று இடங்களில். அசிட்டோன், அசிட்டோநைட்ரில் போன்று பாகுநிலை குறைந்த கரைப்பான்களில் கூமரின் 153 போன்ற சிறிய சாயங்கள் சில பத்து பிக்கோவினாடிகளிலேயே திரும்பிவிடுவது ஒன்று. திசைச்சாய்வின் தொடக்க மதிப்பை ஊகிக்காமல் நேரடியாகக் காண விரும்புவது இன்னொன்று. விரவலாக மாறுவதற்கு முன்னால், முதல் ஓரிரு பிக்கோவினாடியில் மூலக்கூறு, அண்டை மூலக்கூறுகளாலான தன் சிறைக்குள் செய்யும் நடுக்கத்தைக் காண்பது மூன்றாவது.

இந்த ஆய்வை முதலில் தொடங்கியவர் யார்?

பாகான கரைசலில் சாயத்தின் ஒளிர்வு தளவிளைவுற்றிருப்பதை 1920-இல் வைகெர்ட் கண்டார். 1926-இல் பிரான்சிஸ் பெரன், ஒளிர்வு நீடிக்கும் நேரத்துக்கும் சுழற்சி நேரத்துக்கும் உள்ள விகிதம் தளவிளைவை எப்படித் தீர்மானிக்கிறது என்ற சமன்பாட்டைத் தந்தார். அவருடைய தந்தை ழான் பெரன் இயற்பியல் நோபல் பரிசு பெற்றதும் அதே ஆண்டுதான். பிக்கோவினாடித் துடிப்புகள் கைக்கு வந்தபின் 1971-இல் சுவாங்கும் ஐசன்தாலும் ரோடமின் 6ஜி-யின் திசைமாற்றத்தை நேரடியாகப் பின்தொடர்ந்தனர். அவர்கள் பயன்படுத்தியது ஒளி உட்கொள்ளல்; 1976-இல் ஃபிளெமிங், மோரிஸ், ராபின்சன் ஆகியோர் ஒளிர்வைக் கொண்டே அதைச் செய்தனர். மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திலும் சாயங்களின் சுழற்சி குறித்துக் குறிப்பிடத்தக்க பணி நடந்திருக்கிறது.

இதனால் யாருக்கு என்ன பயன்?

மருத்துவப் பரிசோதனைக்கூடத்தில் இரத்தத்திலுள்ள மருந்தின் அளவைக் காணும் முறைகளில் ஒன்று இதே இயற்பியலைக் கொண்டது. ஒளிரும் அடையாளமிட்ட சிறு மூலக்கூறு தனியாக இருந்தால் விரைவாகத் திரும்பும். பெரிய எதிர்ப்பொருளோடு ஒட்டிக்கொண்டால் மெதுவாகத் திரும்பும். தளவிளைவைப் பார்த்து எத்தனை ஒட்டியிருக்கின்றன என்று சொல்லலாம். உயிரணுச் சவ்வின் இளக்கத்தை அறியவும் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

பாகுநிலையை விஸ்கோமீட்டரிலேயே அளக்கலாமே? சாயத்தை வைத்து ஏன் சுற்றிவளைக்க வேண்டும்?

நாங்கள் பாகுநிலையை அளப்பதில்லை. பாகுநிலை என்ற ஒற்றை எண் ஒரு மூலக்கூறின் அளவில் செல்லுபடியாகிறதா என்பதைச் சோதிக்கிறோம். முன்னே சொன்ன சமன்பாடு, திரவத்தை இடைவெளியற்ற தொடர்பொருளாகக் கருதுகிறது. சாய மூலக்கூறைச் சுற்றியிருப்பதோ எண்ணிவிடக்கூடிய சில டஜன் கரைப்பான் மூலக்கூறுகள். அவற்றின் பருமன் சாயத்தின் பருமனைவிடப் பல மடங்கு சிறியதும் அல்ல. அப்படியிருந்தும் அந்தச் சமன்பாடு பெரும்பாலும் இருமடங்கு பிழைக்குள் சரியான விடை தருவது எனக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது.

சிக்கல் அந்த இருமடங்குக்குள் இருக்கிறது. மூலக்கூறின் மேற்பரப்பைத் தொடும் திரவம் அதோடு ஒட்டிக்கொண்டு சேர்ந்து சுழல்கிறது என்று கொள்வது ஒட்டும் எல்லை. திரவம் மேற்பரப்பில் வழுக்கிப் போகிறது என்று கொள்வது வழுக்கும் எல்லை. வழுக்கும் எல்லையில் சீரான உருண்டைக்கு உராய்வே கிடையாது. நீள்வடிவத்துக்கு மட்டும், தான் திரும்புவதற்காக அண்டையிலுள்ளவற்றை விலக்க வேண்டியிருப்பதால், உராய்வு உண்டு. ஞாயிற்றுக்கிழமைத் தேக்கா சந்தை நெரிசலில் கைகளை ஒடுக்கிக்கொண்டு நின்ற இடத்தில் திரும்புபவர் யாரையும் இடிப்பதில்லை. தோளில் வாழைத்தாரோடு திரும்புபவர் பத்துப் பேரை நகர்த்தியாக வேண்டும். 1974-இல் ஹூவும் ஸ்வான்சிகும் நீள்கோள வடிவங்களுக்கு இந்த வழுக்கு உராய்வைக் கணக்கிட்டு அட்டவணையாகத் தந்தார்கள். இன்றும் அதையே எடுத்தாள்கிறோம்.

மின்னேற்றம் இல்லாத, கரைப்பானோடு பிணைப்பு கொள்ளாத சாயங்கள் வழுக்கும் எல்லைக்கு அருகிலோ, ஆல்கஹால்களில் அதற்கும் கீழாகவோ நடந்துகொள்வதுண்டு. ரோடமின் போன்ற அயனிச் சாயங்கள் ஆல்கஹால்களில் ஒட்டும் எல்லையைச் சுற்றியும் சில வேளை அதைத் தாண்டியும் நிற்கின்றன. விஸ்கோமீட்டர் இரண்டுக்கும் ஒரே எண்ணைத்தான் தரும்.

அயனிச் சாயங்கள் ஏன் கூடுதலாகத் தயங்குகின்றன?

இரண்டு விளக்கங்கள் நெடுங்காலமாகப் போட்டியிடுகின்றன. கரைப்பான் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் சாயத்தோடு தொற்றிக்கொள்வதால் சுழலும் பொருளின் கன அளவே பெரிதாகிவிடுகிறது என்பது ஒன்று. மற்றொன்று மின்காப்பு உராய்வு. சாயத்தின் மின்னேற்றப் பரவல் சுற்றியுள்ள முனைவுற்ற கரைப்பானைத் தனக்கேற்பத் திருப்பி வைக்கிறது. சாயம் திரும்பும்போது கரைப்பான் உடனே பின்தொடர முடியாமல் பின்தங்குகிறது. அந்தப் பின்தங்கல் சாயத்தைப் பின்னுக்கு இழுக்கிறது. 1970-இல் நீயும் ஸ்வான்சிகும் இதற்கு ஒரு கொள்கை வகுத்தனர்.

எங்கள் வளைவு ஒவ்வொரு வாரமும் சற்று மாறுகிறது. கருவியில் கோளாறா?

கருவியைக் குறை சொல்வதற்கு முன் வெப்பமானியையும் கரைப்பான் புட்டியையும் பாருங்கள். நீரின் பாகுநிலை 20 டிகிரியில் 1.00, 30 டிகிரியில் 0.80 மில்லிபாஸ்கல்-வினாடி. குளிரூட்டி இரவில் நின்று காலையில் மீண்டும் ஓடும் அறையில், கலத்துக்குத் தனி வெப்பக் கட்டுப்பாடு இல்லாமல் எடுத்த இரண்டு அளவீடுகள் ஒத்துப்போகவில்லை என்பதில் வியப்பில்லை. கிளிசராலில் இது இன்னும் கடுமை: அதே பத்து டிகிரிக்குள் அதன் பாகுநிலை பாதிக்கும் கீழே போய்விடுகிறது.

இந்த ஊருக்கே உரிய இடர் ஈரப்பதம். சிங்கப்பூரின் வெளிக்காற்றில் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். கிளிசரால், எத்திலீன் கிளைக்கால், டைமெத்தில் சல்ஃபாக்சைடு மூன்றும் காற்றிலுள்ள நீரை உறிஞ்சுபவை. தூய கிளிசராலின் பாகுநிலை 20 டிகிரியில் ஏறத்தாழ 1,410 மில்லிபாஸ்கல்-வினாடி. எடையில் 5 விழுக்காடு நீர் சேர்ந்தாலே அது 520 அளவுக்கு இறங்கிவிடும். மூடியைத் திறந்து வைத்துவிட்டு உணவங்காடிக்குப் போய் வருபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். டைமெத்தில் சல்ஃபாக்சைடு 18.5 டிகிரியில் உறைந்துவிடும் என்பதால், குளிரூட்டியை மிகக் குறைத்து வைத்த அறைகளில் புட்டி கல்லாகிக் கிடப்பதும் உண்டு.

ஒளிர்வு போதவில்லை என்றால் சாயத்தை இன்னும் கொஞ்சம் போடலாமா?

கூடாது. ஒரு லிட்டரில் ஒரு மோலின் இலட்சத்தில் ஒரு பங்கு சாயம் இருக்கும்போது, இரண்டு மூலக்கூறுகளுக்கிடையே சராசரியாக 55 நானோமீட்டர் இடைவெளி இருக்கும். அதை ஆயிரம் மடங்கு செறிவாக்கினால் இடைவெளி 5.5 நானோமீட்டராகிவிடும், அந்தத் தொலைவில் ஒரு மூலக்கூறு தன் கிளர்வாற்றலை அண்டை மூலக்கூறுக்கு மாற்றிவிடும். பெற்றுக்கொண்ட மூலக்கூறு வேறு திசையில் கிடக்கும் என்பதால் திசைச்சாய்வு விழுகிறது. திரும்பாமலே திரும்பியதுபோல் தெரிகிறது. நூறு மடங்கு செறிவிலேயே இதன் பாதிப்பைப் புறக்கணிக்க இயலாது. நீரில் ரோடமின் 6ஜி இரண்டிரண்டாகச் சேர்ந்துகொள்வது கூடுதல் தொல்லை. நீர்த்த கரைசல், மெல்லிய கலம், சாயம் வெளுக்காமலிருக்கக் கரைசலை ஓடவிடும் ஏற்பாடு ஆகியவற்றோடு அளவீட்டு நேரத்தை நீட்டுவதே முறை.

கிளிசராலில் திசைச்சாய்வு குறையவே இல்லை. மூலக்கூறு உறைந்துவிட்டதா?

உறையவில்லை, நீங்கள் பார்ப்பதற்குள் விளக்கு அணைந்துவிடுகிறது. முன்னே சொன்ன சமன்பாட்டில் 25 டிகிரியில் கிளிசராலின் பாகுநிலையை இட்டுப் பார்த்தால் சுழற்சி நேரம் 90 நானோவினாடியை ஒட்டி வருகிறது. கிளர்வுநிலை நீடிப்பதோ 4 நானோவினாடி. அந்த நேரத்துக்குள் திசைச்சாய்வு ஏறத்தாழ 4 விழுக்காடுதான் குறையும். 12 நானோவினாடிக்குப் பிறகு ஒளிர்வில் எஞ்சியிருப்பதே 5 விழுக்காடு. சுழற்சி நேரமும் ஒளிர்வு நேரமும் ஒன்றையொன்று நெருங்கி நிற்கும் கரைப்பானைத் தேர்ந்தெடுங்கள், அல்லது வெப்பநிலையை உயர்த்துங்கள். கிளிசரால் வேறொன்றுக்குப் பயன்படும்: மூலக்கூறு அநேகமாக அசையாமலிருப்பதால் திசைச்சாய்வின் தொடக்க மதிப்பைச் சரிபார்க்க அது நல்ல இடம்.

தொடக்க மதிப்பு 0.32 வந்தது. மீதி 0.08 எங்கே போனது?

வரிசையாகச் சோதியுங்கள். கருவியின் துடிப்பகலம் சுழற்சி நேரத்தை நெருங்கினால், பார்ப்பதற்கு முன்பே ஒரு பகுதி கரைந்துவிடும்; கிளிசராலில் 0.38 வந்து அசிட்டோனில் 0.32 வந்தால் காரணம் இதுவே. இரண்டிலும் 0.32 என்றால், நீங்கள் கிளர்த்திய அலைநீளத்தில் அச்சுகளுக்கிடையே கோணம் இருக்கிறது. உணர்கருவியும் நிறம் பிரிக்கும் கருவியும் இணை ஒளிர்வையும் குறுக்கு ஒளிர்வையும் வெவ்வேறு அளவில் உள்வாங்குவதைத் திருத்தியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். சுழற்சி முடிந்து வெகுநேரமான பின் இரண்டு வளைவுகளும் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும், விழாவிட்டால் திருத்தம் தவறு.

0.4-க்கு மேல் வந்தால் முதலில் சிதறிய லேசர் ஒளி மேல் ஐயம் கொள்ளுங்கள். அதை நீக்கிய பின்னும் கூடுதலாக இருந்தால் சுவையான காரணங்கள் உண்டு: இரண்டு ஃபோட்டான்களை ஒருசேர உட்கொள்ளும் கிளர்த்தலில் எல்லை 0.57 வரை போகும். போர்ஃபிரின் போன்று ஒரே ஆற்றலில் இரண்டு நிலைகளைக் கொண்ட மூலக்கூறுகளில் மிகத் தொடக்க ஃபெம்டோவினாடிகளில் 0.4 தாண்டப்படுகிறது. ரோடமின் 6ஜி-யை வழக்கமான முறையில் கிளர்த்தும்போது இவற்றுக்கு இடமில்லை.

எங்கள் வளைவுக்கு இரண்டு அடுக்குக்குறிச் சார்புகள் தேவைப்பட்டன. கரைசலில் இரண்டு வகை மூலக்கூறுகள் இருக்கின்றனவா?

இருக்கலாம், ஆனால் அதுதான் கடைசியாக எண்ண வேண்டிய விளக்கம். மூன்று அச்சுகளிலும் வெவ்வேறு நீளமுள்ள ஒற்றை மூலக்கூறுக்கே, கொள்கைப்படி, திசைச்சாய்வு, தத்தம் நேரத்தில் கரையும் ஐந்து அடுக்குக்குறிச் சார்புகள் வரை கொண்டிருக்க முடியும். ஒளிரும் அச்சு மூலக்கூறின் நீள அச்சோடு ஒத்திருப்பதால் ரோடமினில் பெரும்பாலும் ஒன்று மட்டும் தெரிகிறது. கூமரின் வகைகளில் இன்னொரு சிக்கல்: கிளர்வுற்றவுடன் சுற்றியுள்ள கரைப்பான் தன்னை மறுசீரமைத்துக்கொள்வதால் ஒளிர்வின் நிறம் நீண்ட அலைநீளத்துக்கு நகர்கிறது. ஒற்றை அலைநீளத்தில் அந்த நகர்வு இணையிலும் குறுக்கிலும் ஒரே மாதிரி தோன்றி வகுத்தலில் நீங்கிவிட வேண்டும். இரண்டையும் வெவ்வேறு நாளில், வெவ்வேறு சீரமைப்பில் எடுத்திருந்தால் நீங்காது. நகர்வை மட்டும் தனியே படிக்க விரும்பினால் வடிகட்டியை 54.7 டிகிரியில் வையுங்கள். சுழற்சியின் தடம் அங்கே மறைந்துவிடும். அந்தக் கோணம் ஏன் என்பதற்கு 0.4 பற்றிய விடையே விளக்கம்.

அளந்த நேரம் ஒட்டும் எல்லையைவிடக் கூடுதலாக வந்தால், அறிக்கையில் ஹைட்ரஜன் பிணைப்பு என்று எழுதிவிடலாமா?

ஒரே சாயம், ஒரே கரைப்பான், ஒரே எண் என்றால் எழுதக்கூடாது. அந்த எண்ணை மின்காப்பு உராய்வும் விளக்கும்; மூலக்கூறின் கன அளவைச் சற்றுக் கூட்டி எடுத்துக்கொண்டாலும் விளங்கிவிடும்; மூலக்கூறின் நீள்வடிவத்துக்காகச் சமன்பாட்டில் சேர்க்கும் வடிவ மாறிலியை மாற்றினாலும் விளங்கிவிடும். இத்துறையில் வெளியான விளக்கங்களில் கணிசமானவை, தேவையான அளவுக்கு நெகிழ்ந்து கொடுக்கும் மாறிலிகளால் நிற்பவை என்பது என் கருத்து.

பிரித்தறிய வேண்டுமானால் ஒப்பீடு வேண்டும். உருவத்தில் ஏறத்தாழ ஒத்த, ஆனால் மின்னேற்றத்தில் மாறுபட்ட சாயங்களை எடுத்துக்கொள்ளுங்கள். நேரயனியான ஆக்சசீன் 118, எதிரயனியான ரெசோரூஃபின் போன்றவை இதற்காகவே பயன்பட்டிருக்கின்றன. அவற்றை ஒரே ஆல்கஹால் வரிசையிலும், பாகுநிலை நெருங்கியிருந்தும் ஹைட்ரஜன் பிணைப்பைக் கொடுக்க இயலாத டைமெத்தில் சல்ஃபாக்சைடிலும் அளந்து, நேரத்தைப் பாகுநிலைக்கு எதிராக வரையுங்கள். புரோப்பனாலின் பாகுநிலை 25 டிகிரியில் 1.95, டைமெத்தில் சல்ஃபாக்சைடின் பாகுநிலை 1.99. ஏறத்தாழ ஒரே பாகுநிலையுள்ள இந்த இரண்டில் சாயம் வெவ்வேறு வேகத்தில் திரும்பினால், அந்த வேறுபாட்டைப் பாகுநிலையின் கணக்கில் எழுத முடியாது. எதிரயனி மட்டும் ஆல்கஹாலில் பின்தங்கி, நேரயனி பின்தங்காவிட்டால், ஹைட்ரஜன் பிணைப்பைக் குறிப்பிட உங்களுக்கு ஓரளவு உரிமை உண்டு. இரண்டும் ஒரே அளவில் பின்தங்கினால், மின்காப்பு உராய்வைக் கரைப்பானின் மின்காப்புத் தளர்வு நேரத்தை (முனைவுற்ற கரைப்பான் புதிய திசைக்குத் தன்னைச் சரிசெய்துகொள்ள எடுக்கும் நேரத்தை) கொண்டு கணக்கிட்டு, அந்தக் கணக்கை வளைவின் பக்கத்திலேயே கொடுங்கள். அதில் எந்தக் கன அளவைப் பயன்படுத்தினீர்கள் என்பதையும் எழுதுங்கள்.